நடந்து திரிந்த கோழியின் முட்டை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது வீட்டில் உன் சித்தி இருந்தாள். உன் அப்பா உன் கல்யாணக் கார்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நீ சொன்னதை முழுதாகக் கேட்டேன், பதில்தான் சொல்லவில்லை. குருநாகல் பக்கத்தில் ஒருவரிடம் கம்பிக்கூடுகள் பேசி வைத்துவிட்டாய், கல்யாணம் முடிந்த மறுவாரம் அவை லொறியில் வந்து இறங்கும், அடம்பனில் எங்கள் வீட்டு வளவில் என் கோழிக் கொட்டிலை நீட்டிக் கட்டி ஆயிரம் கோழி போடப் போகிறாய் என்றாய். "அம்மா, சனம் முட்டையின்ர விலையைத்தான் பாக்கும். கோழி எப்பிடி இருந்ததெண்டு ஆர் கேக்கினம்?" என்றும் கேட்டாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் உண்மையாகவே பொங்கியது. ஆனாலும் அது சாட்டுத்தான்.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. வளவு உன் பெயரில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவள் நான்தான். வெயிலில் நின்று உழைத்த காசை ஊரில் கொண்டுவந்து போட நினைக்கிறாயே, அதற்கு மாதாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆர் கேட்பார்கள் என்பது எனக்கு முகம் முகமாகத் தெரியும். இத்தனை வருஷம் மன்னார்ச் சந்தையில் கூடையோடு இருந்தவள் நான். அந்தப் பதிலைச் சொல்லப் போனால் உனக்கு இதுவரை மறைத்த ஒன்றையும் சொல்லவேண்டி வருகிறது. அதில் பாதி எதிர் வீட்டுப் பாக்கியம் அக்காவுடையது என்பதால், இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டே அனுப்புகிறேன். இனி அடம்பனில் யார் படித்தாலும் எனக்குப் பயமில்லை.

நீ மன்னாரில் விடுதியில் நின்று உயர்தரம் படித்த காலத்தை நினைத்துப் பார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்டு முடித்திருந்தோம். எனக்கு அப்போது நாற்பது ஊர்க்கோழிகள் இருந்தன. வேம்பின் கீழும் மாட்டுத் தொட்டியடியிலும் திரிந்து, வைக்கோலைக் கிளறி, இரவில் பூவரசில் ஏறிப் படுக்கும். முட்டை குறைவு, கீரி பிடிக்கும், நாய் பிடிக்கும், சில கோழி எங்கே இடுகிறது என்று தேடியே அரைநாள் போய்விடும். அந்த நேரம்தான் ஒரு பண்ணையை மூடுகிறார்கள், பழைய கூடுகள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். உன் அப்பா வேண்டாம் என்றார். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கை ஒரு கோழி திரும்ப ஏலாது" என்று மட்டும் சொன்னார். "அது திரும்பி என்ன செய்யப் போகுது? முட்டைதானே போடோணும்" என்றேன். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. நீ போனில் பேசியபோது எனக்கு என் குரலே திருப்பிக் கேட்டது போல இருந்தது.

நூற்றைம்பது முட்டைக்கோழி போட்டேன். ஒரு கூட்டுக்கு மூன்று என்று அளவு சொல்லித் தந்தார்கள். நான் நாலு போட்டேன். சோளகக் காற்றோடு வயல் புழுதி அள்ளி வந்து கொட்டும் என்று மேற்குப் பக்கம் முழுக்கப் படங்குத் துணி இழுத்துக் கட்டினேன். தகரக் கூரை. தண்ணீருக்கென்று உயரத்தில் ஒரு பரல் பீப்பாய், அதிலிருந்து குழாய், குழாயில் கோழி கொத்தினால் சொட்டுகிற சின்னக் குமிழ்கள். ஐந்தாறு மாதம் நான் ராணி மாதிரித்தான் இருந்தேன். காலையில் கூடுகளின் முன்னால் நடந்தால் முட்டை தானாக உருண்டு வந்து நிற்கும். தேடத் தேவையில்லை, கிளறத் தேவையில்லை. சந்தைக்குத் தட்டுத் தட்டாகக் கொண்டு போனேன். உனக்குக் கணக்கு வாத்தியாரிடம் தனிவகுப்பு வைத்தது அந்தக் கோழிகள்தான். அந்தக் கோழிகளை நான் இன்று பழித்துப் பேசினால் அது நன்றிகெட்டதனம்.

அந்த வருஷம் மடுத் திருவிழாவுக்கு ஊரே போனது. உழவு இயந்திரப் பெட்டியில் பாய், பானை, அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு நாங்களும் போனோம். நீ விடுதியிலிருந்து நேரே மடுவுக்கு வந்தாய், நினைவிருக்கும். இரண்டு இரவு தங்குவதாகப் பேச்சு. வெளிக்கிடும்போது உன் அப்பா, "பாக்கியத்திட்டைச் சொல்லிப்போட்டு வருவமே, ஒருக்கா வந்து எட்டிப் பாக்கட்டும்" என்றார். எதிர் வீடுதான், றோட்டைக் கடந்தால் சரி. நான்தான் தேவையில்லை என்றேன். "பரல் நிரம்பக் கிடக்கு. குழாய் பாத்துக்கொள்ளும்" என்றேன்.

குழாய் பார்த்துக்கொள்ளவில்லை. பரலிலிருந்து இறங்குகிற முதல் மூட்டிலேயே பாசி அடைத்துவிட்டது. நாங்கள் மூன்றாம் நாள் மத்தியானம் வந்து இறங்கியபோது கொட்டிலில் சத்தமே இல்லை. கோழிக் கொட்டில் ஒரு நாளும் அப்படி இருக்காது. எழுபதுக்கு மேல் செத்துக் கிடந்தன. மிச்சம் வாயைத் திறந்துகொண்டு, செட்டையை விரித்து வைக்க இடமில்லாமல், செத்ததின் மேலே நின்றன. பரலில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. அதைவிடப் பொல்லாதது என்னவென்றால், கூட்டிலிருந்து பத்தடி தள்ளி மாட்டுக்கு வைத்த சீமெந்துத் தொட்டியும் நிரம்பிக் கிடந்தது. கூட்டுக்குள் நின்றவைக்கு அது நேரே தெரியும். பழைய நாற்பதில் விற்காமல் வெளியில் விட்டிருந்த எட்டு ஊர்க்கோழியும் அந்தத் தொட்டியில் குடித்து, வேம்பு நிழலில் மண் குளித்துக்கொண்டு, ஒரு குறையுமில்லாமல் நின்றன. பத்தடி, தம்பி. நடக்க முடிந்தது பிழைத்தது, நடக்க முடியாதது செத்தது. தண்ணீரும் வெயிலும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். நான் படங்கை அறுத்து விழுத்தினேன். அந்த நேரம் பாக்கியம் அக்கா வேலிக் கடப்படியில் வந்து நின்று, "என்ன பிள்ளை, ஒரு மாதிரி மணக்குது? என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நோய், அக்கா. கோழிக்கு நோய் வந்திட்டுது. கிட்ட வராதேங்கோ" என்றேன். ஊருக்குள் ஒரு கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். தண்ணீர் இல்லாமல் கோழியைச் சாகவிட்டவள் என்று பெயர் எடுக்க மனம் வரவில்லை. உனக்கும் அதையேதான் சொன்னேன். நீ விடுதியிலிருந்து எடுத்து, "பறவாயில்லை அம்மா, நோய்க்கு நாங்கள் என்ன செய்யிறது" என்று ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன்.

பாக்கியம் அக்காவுக்கு அப்போது முப்பது கோழி. புருஷன் வயலில் வருவது சாப்பாட்டுக்குச் சரி. மகள் வதனியின் தையல் வகுப்பு, பஸ் காசு, நூல், துணி எல்லாம் அந்தக் கோழிகளிலிருந்துதான். நோய் என்று கேட்டதும் அவர் இரவு நித்திரை கொள்ளவில்லையாம். மறுநாள் காலை அடம்பன் சந்தியில் வந்து நின்ற கோழி வியாபாரியைக் கூப்பிட்டு, சாகிறதுக்கு முந்திப் போகட்டும் என்று முப்பதையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கால்களைக் கட்டிச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் போனான். ஒரே ஒரு சொல் போதும். கடப்படிக்குப் போய், "அக்கா, நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வதனி வகுப்பை விட்டுவிட்டு வவுனியாப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் பஸ் ஏறினாள். அவள் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் கொடுத்தவள்கூட நான்தான்.

இதைத்தான் உனக்கு மறைத்து வைத்திருந்தேன். மிச்சம் நின்ற கோழிகளை அதன் பிறகும் அதே கூட்டில்தான் வைத்திருந்தேன், முட்டை நிற்கும் வரைக்கும். அவற்றைக் கொடுத்த பிறகு புதிதாகக் கோழி போடக் கை வரவில்லை. கூடுகள் கிணற்றடியில் கறள் பிடித்துக் கிடந்தன. மனம் திருந்திவிட்டாள் என்று நினைக்காதே. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் போனது. பித்தப்பையில் கல் என்று என்னை மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்து வெட்டினார்களே, அப்போது நீ கட்டாருக்குப் போய் நாலு மாதம். உன் அப்பா என்னோடு ஆஸ்பத்திரியில். வீட்டில் நின்ற பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகளுக்குத் தீன் வைக்கப் பாக்கியம் அக்கா தானாகவே வந்து போயிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, கட்டிலில் இருந்தபடி யன்னலால் பார்க்கிறேன்: அவர் கடப்பைத் திறந்து உள்ளே வந்தார், தீனைக் கொட்டினார், திரும்பிப் போகமுன் கிணற்றடியில் குந்தியிருந்து, சவர்க்காரம் போட்டுக் குதிக்கால், விரலிடுக்கு, செருப்பின் அடி என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கேட்டேன்.

"ஏன் அக்கா இப்பிடிக் கழுவுறியள்?"

"பழைய நோய் இந்த முத்தத்திலை கிடக்குமெல்லே பிள்ளை. ஊரிலை வேறை ஆக்களும் கோழி வளக்கினம். நான் காவிக்கொண்டு போகக் கூடாது."

அவர் வீட்டில் ஒரு கோழிகூட இல்லை, தம்பி. மற்றவர்களின் கோழிக்காகக் கழுவினார். எனக்குத் தையல் போட்ட இடம் நோகவில்லை, வேறெங்கோ நொந்தது. "அக்கா, கால் கழுவாதேங்கோ. இந்த முத்தத்திலை ஒரு நாளும் நோய் வரேல்லை" என்றேன். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். பாசி, குழாய், படங்கு, யன்னல் எல்லாவற்றையும். அவர் கையில் வாளியோடு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப என்ர கோழியளுக்கு ஒண்டும் வந்திராது?"

"வந்திராது, அக்கா."

வாளியைக் கவனமாகக் கீழே வைத்தார். செருப்பைப் போட்டார். போய்விட்டார். பதினொரு நாள் எதிர் வீட்டுக் கதவு எனக்காகத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பாக்கியம் அக்காவே வந்தார். இருக்கச் சொன்னேன், கதிரையில் இருக்கவில்லை. "வதனி போன பஸ்ஸை இனித் திருப்ப ஏலாது. அவள் அங்கையே கலியாணமும் கட்டிப்போட்டாள், நல்லாத்தான் இருக்கிறாள். அதை விடு. எனக்கு முப்பது குஞ்சு தா. ஊர்க்குஞ்சு. உன்ர அந்தக் கூட்டை முதல்லை பழைய இரும்புக்குக் குடு, எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றார். மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று தொடங்கியதுதான் எங்கள் இரண்டு பேரின் முட்டை வியாபாரம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் கொட்டிலைத் திறந்து விட்டோம். பகலில் வெளியே, பொழுது பட்டதும் உள்ளே. நாலு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர். முட்டை குறைவுதான், தீனும் பிடித்தது, நாயும் கீரியும் தங்கள் பங்கை எடுத்தன. அதனால் தெற்கிலிருந்து தட்டில் வருகிற கூட்டு முட்டையைவிட எங்கள் முட்டைக்கு ஐந்து ரூபா கூட வைக்க வேண்டியிருந்தது. காலை பஸ்ஸில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு, தள்ளாடி ஊர் தாண்டி மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது கடற்காற்றில் மூடின துணி பறக்காமல் இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு போவோம். சந்தையில் வருகிறவர்களிடம் பாக்கியம் அக்கா, "இது நடந்து திரிஞ்ச கோழியின்ர முட்டை" என்பார். எல்லாரும் நின்று கேட்பார்கள். "நல்ல விஷயம் அம்மா", "அதுகும் ஒரு உசிர்தானே", "இப்பிடித்தான் இருக்கோணும்" என்று சொல்லுவார்கள். சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய்த் தட்டு முட்டை வாங்குவார்கள். முதல் மாதம் முழுக்க நாங்கள் புகழ்ச்சியைக் கூடையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். "கோழிக்கு நடக்கப் பழக்கிப்போட்டியள். இனி முட்டைக்கும் பழக்குங்கோ, தானாப் போய் விலைப்படும்" என்று உன் அப்பா பகிடி பண்ணினார்.

ஒரு நாள் கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று படிவக் கட்டோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கோழியை நன்றாக வைத்திருந்தால் முட்டைக்கு எவ்வளவு கூடக் கொடுப்பீர்கள் என்று வருகிறவர்களைக் கேட்டு எழுத வேண்டுமாம், படிப்புக்காக. பாவம், வெயிலில் முகம் சிவந்து போனது. கேட்ட ஆட்களெல்லாம் தாராளமாகச் சொன்னார்கள். ஐந்து என்றார்கள், பத்து என்றார்கள், ஒரு ஐயா இருபது கூடக் கொடுக்கலாம் என்றார். சொன்ன கையோடு அந்த ஐயா எதிர்க்கடையில் ஒரு தட்டுத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டு, "அன்ரி, எல்லாரும் பொய் சொல்லீனம். நான் எதை எழுதுறது?" என்று கேட்டாள், அழுகிற மாதிரி. "எழுது பிள்ளை, அது பொய்யில்லை" என்றேன். அதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. படிவத்துக்குப் பதில் சொல்கிறவர் தான் எப்படி இருக்க ஆசைப்படுகிறாரோ அதைச் சொல்கிறார். கடையில் காசை எடுக்கிறவர் அன்றைக்கு எப்படி இருக்க முடியுமோ அப்படி இருக்கிறார். ஆள் ஒன்றுதான். பொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நான் சொன்னவள்.

பள்ளிமுனையிலிருந்து ஒரு பெண் வருவாள், புருஷன் கடலுக்குப் போகிறவர். மூன்று பிள்ளைகள். எங்களிடம் விடாமல் வாங்கின முதல் ஆள் அவள்தான்; பணக்காரர் யாருமில்லை. பொருட்களெல்லாம் விலையேறி எண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்தில், ஒரு நாள் எங்கள் முன்னால் வந்து, "அக்கா, இந்த மாதம் ஏலாது" என்று சொல்லிவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். சொல்லாமலே போயிருக்கலாம், வந்து சொல்லிவிட்டுப் போனாள். கோழியின் சுகத்துக்கு அவள் போட்ட மதிப்பு அந்த மாதம் குறைந்துவிட்டது என்று நீ சொல்வாயா? நான் சொல்லமாட்டேன். ஆகவே, தட்டு முட்டை வாங்குகிறவரை நான் ஒரு நாளும் குறைவாகப் பேசமாட்டேன். மூன்று பிள்ளைக்கு முட்டை கொடுக்க வேண்டிய தாய்க்கு ஐந்து ரூபா ஐந்து ரூபாதான். உன் கூட்டு முட்டையும் யாரோ ஒரு பிள்ளையின் கோப்பையில்தான் விழப் போகிறது. அது எனக்கு விளங்காமல் இல்லை.

ஆனால் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற எருக்கலம்பிட்டி முஸ்லிம் அண்ணரின் கதையையும் கேள். மன்னாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். சந்தையில் இரண்டு மூன்று முறை எங்களைத் தாண்டிப் போனார், ஒன்றும் வாங்கவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல், மோட்டார் சைக்கிளில் அடம்பனுக்கு வந்து நின்றார். "முட்டை வாங்க வரல்ல. கோழியப் பாக்க வந்தன்" என்றார். கொட்டிலைச் சுற்றினார். தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுச் சுடுகிறதா என்று பார்த்தார். தீனை மணந்து பார்த்தார். "வருத்தம் வந்த கோழிய எங்க வைக்கிறயள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் பாக்கியம் அக்கா சொல்லிவிட்டார்: "கால் ஏலாத ஒண்டு கடகத்துக்கை கிடக்கு. முந்தநாள் நாய் இரண்டைக் கொண்டு போட்டுது. ஒண்டைப் பாதியிலை விட்டிட்டுப் போய், நாங்கள்தான் அறுத்தனாங்கள்." நான் அவர் முழங்கையில் இடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நானா சிரித்தார். "குறையச் சொல்லிட்டியள். இனி மிச்சத்த நம்பலாம்" என்றார். அன்றே கிழமைக்கு இருநூறு முட்டை கேட்டார், நாங்கள் சொன்ன விலைக்கு. எனக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை; "உங்கட கடைக்கு வாற ஆக்கள் இதைக் கேக்கிறவையே, நானா?" என்று கேட்டேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "சாப்புடுறவன் கேக்க மாட்டான் தங்கச்சி. எனக்குக் கேள்வி மேல, வேற இடத்தில இருக்கு."

அதற்குப் பிறகுதான் எங்கள் வியாபாரம் நிலைத்தது. நானா தன் கடைக்கு வருகிற ஆட்களிடம் சொன்னார். அவர்களில் சிலர் அடம்பனுக்கு வந்து பார்த்தார்கள். வந்து பார்த்தவர்களில் விலை பேசினவர் மிகக் குறைவு. சந்தையில் வாயால் சொன்னபோது நூறு பேரில் மூன்று பேர் வாங்கினார்கள் என்றால், கண்ணால் பார்த்தவர்களில் மூன்று பேர்தான் வாங்காமல் போனார்கள். கணக்கு நான் எழுதி வைக்கவில்லை, ஆனால் அந்த அளவு வித்தியாசம். ஆகவே தம்பி, சனம் கோழியின் சுகத்துக்குக் காசு கொடுக்காது என்று நீ சொல்வது பிழை. கொடுக்கும். முட்டையை உடைத்தால் அந்தச் சுகம் உள்ளே தெரியாது. ருசியில் தெரியும் என்று நாங்கள் பெருமைக்குச் சொன்னாலும், குழம்பில் போட்டால் எனக்கே வித்தியாசம் பிடிபடாது. ஆகையால் அவர்கள் அந்த ஐந்து ரூபாவைக் கொடுப்பது எங்கள் வாய்ச்சொல்லுக்கு. எங்கள் சொல் உண்மை என்று நம்புகிற வரைக்கும் அதற்கு விலை உண்டு; நம்பாத அன்றைக்கு அது வெறும் முட்டை. ஒரு பொய்யால் எதிர் வீட்டு முப்பது கோழியை அழித்தவள் சொல்கிறேன், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நீ கூடு போடுவதென்றால் போடு. ஆனால் நான் படித்த பாடத்தை நீயும் கோழியைக் கொன்று படிக்கத் தேவையில்லை. மூன்றுக்கு அளந்த கூட்டில் மூன்றே மூன்று போடு. யார் என்ன சொன்னாலும் நாலாவதை வைக்காதே. தகரத்துக்கு மேலே தென்னங்கிடுகு வேய். சோளகம் எவ்வளவு புழுதி கொண்டுவந்தாலும் காற்றை மறிக்காதே, புழுதியைக் கூட்டித் தள்ளலாம். தண்ணீர்க் குமிழை ஒவ்வொரு நாளும், கடைசிக் கூடு வரைக்கும் போய், உன் விரலால் தட்டிப் பார். பரல் நிரம்பியிருக்கிறது என்பது ஒரு செய்தியே இல்லை. திருவிழாவோ செத்தவீடோ, வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு கூட்டைத் திறந்து விட்டுப் பார், அந்தக் கோழி முதலில் என்ன செய்கிறது என்று; எனக்காக அதை ஒருக்கால் செய். இன்னொன்று, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: அந்த முட்டையைக் கூட்டு முட்டை என்று சொல்லி விற்க வேண்டும். ஒரு தட்டுக்கூட எங்கள் கூடைக்குள், எங்கள் பெயரில், நானாவின் கடைக்குப் போகக் கூடாது. முட்டை காணாத கிழமையில் அந்த ஆசை வரும். எனக்கும் வந்திருக்கிறது.

நேற்றுக் காலை ஒரு வேலை செய்தேன், கோபத்தில் செய்ததாக எடுக்காதே. என் கோழிகளைப் பாக்கியம் அக்காவின் வளவுக்கு மாற்றினேன். அங்கே அவரும் நானுமாக வேலி அடைத்து, பழைய கொட்டிலுக்குக் கூரை போட்டிருக்கிறோம். அம்மாவின் கோழிகள் நிற்கின்றனவே என்று நீ யோசிக்கக் கூடாது; உன் வளவில் உன் விருப்பம் நடக்க வேண்டும். எண்பத்தைந்து கோழியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காவ எனக்கு இடுப்பு விடவில்லை. பாக்கியம் அக்கா ஒரு தகரப் பேணியில் குறுநெல்லைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவை பின்னால் வந்தன. நான் தடியோடு கடைசியில். நடு றோட்டுக்குப் போகவும் மன்னார் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை வெளியே போட்டு, "அம்மா, கெதியாத் துரத்துங்கோ, ஆக்கள் வேலைக்குப் போகோணும்" என்று கத்தினான். பாக்கியம் அக்கா பேணியைக் குலுக்குவதை நிற்பாட்டவில்லை. "பொறு தம்பி, அதுகள் நடந்துதான் வரும்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். றைவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கடைசிக் கோழி றோட்டைக் கடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இப்போது உன் கொட்டில் வெறுமையாக இருக்கிறது. கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். பூட்டின் திறப்பு உன் அப்பாவிடம். கல்யாணம் நல்லபடி முடியட்டும். வந்து, அதற்குள் ஒரு நாள் தனியாக நின்று பார்த்துவிட்டு, என்ன போடுவது என்று நீயே முடிவெடு.

உன் அம்மா